காரின் பிறேக் பாட்டை வீட்டில் மாற்றுதல்

கொழும்பு மாநகரிலே, பொரளைச் சந்தியிலிருந்து கிளைத்துச் செல்லும் ஒழுங்கைகளிற் காலை வேளையில் நடப்போர், வாயில் தோறும் ஒரு மோட்டார் வண்டி நிற்பதைக் காண்பர். அவற்றுட் பல இளமை கடந்தவை. அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் துறைமுகத்துக்கு வரத் தொடங்கியது 2025ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டியை மாற்றிப் புதியது வாங்குவோம் என்றிருந்தோர் பலர், உள்ளதைப் பேணிக் காக்கவே கற்றுக்கொண்டனர். கூலியும் உதிரிப் பாகங்களின் விலையும் ஏறிய அந்நாள்களிலே, கராஜுக்குக் கொண்டு சென்ற சிறு வேலைகளைத் தம் முற்றத்திலேயே செய்து பழகியோரும் உளர். அவ்வேலைகளுள் முன்சில்லுகளின் பிறேக் பாட்டை மாற்றுவதும் ஒன்று.

இது கடினமான வேலையன்று. ஆயினும் எண்ணெய் மாற்றுவது போன்றதும் அன்று. எண்ணெய் மாற்றுவதிற் பிழை நேர்ந்தால் இயந்திரம் கெடும்; இங்கே பிழை நேர்ந்தால் வண்டி நில்லாது. ஆதலால் செய்முறையை மட்டும் கூறி விடாமல், அது ஏன் அவ்வாறு செய்யப்படுகிறது என்பதையும் சேர்த்தே கூறுவோம்.

கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திற் பஸ்காலின் விதியைப் படித்தவர்கள் அதனைப் பரீட்சையோடு மறந்திருக்கக்கூடும். அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்பதே அவ்விதி. நாம் பிறேக் மிதியை மிதிக்கும்பொழுது நடைபெறுவது இதுவே. ஓர் உதாரணம் கொள்வோம். காலினால் 20 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையைக் கொடுக்கிறோம். மிதி ஒரு நெம்புகோல். அது இவ்விசையை நான்கு மடங்காக்கினால் 80 ஆகிறது. தலைமை உருளையின் விட்டம் 20 மில்லிமீற்றரும், சில்லிலுள்ள முசலத்தின் விட்டம் 50 மில்லிமீற்றரும் ஆயின், பரப்புகளின் விகிதம் 6.25 ஆகும். எனவே முசலம் பாட்டைத் தள்ளும் விசை 500 கிலோகிராம் நிறைக்குச் சமமாகிறது. இயந்திரத்தின் வெற்றிடத்தால் இயங்கும் துணைக்கருவி கொடுக்கும் விசை இதற்கும் மேலதிகம். நோஞ்சான் ஒருவரும் ஓடும் வண்டியை நிறுத்தக் கூடியதாயிருப்பதன் இரகசியம் இதுதான்.

நிறுத்துதல் என்பது ஓட்டத்தை வெப்பமாக்குதலேயன்றி வேறன்று. ஆயிரங் கிலோகிராம் திணிவுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் ஏறத்தாழ 139 கிலோயூல் இயக்கச் சத்தி உண்டு. வண்டி நின்றதும் அதிற் பெரும்பகுதி பாட்டுகளிலும் தட்டுகளிலும் வெப்பமாகிறது. வேகம் இரு மடங்காயின் சத்தி நான்கு மடங்காகும் என்பதை வேகத்தை விரும்பும் இளைஞர் ஒரு முறை எழுதிப் பார்த்தல் நன்று. மலைப்பாதையிலோ கணக்கு வேறு. அதே கார் 100 மீற்றர் உயரம் இறங்கினால் 980 கிலோயூல் சத்தியை எங்காயினும் போக்கியாக வேண்டும். அது 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஏழு தடவை முற்றாக நிறுத்துவதற்குச் சமம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கமாகக் கம்பளைக்கு இறங்குவோர் ஆயிரம் மீற்றருக்கும் அதிகமாகக் கீழே வருகின்றனர். எழுபது நிறுத்தங்களின் வெப்பம்! தாழ்ந்த கியரிலே இறங்கி அவ்வெப்பத்தில் ஒரு பங்கை இயந்திரத்தின் தலையிற் சுமத்தாதவர், அதை முழுவதும் கையகலமான பாட்டுகள் மேலேயே ஏற்றுகின்றனர். தேய்ந்த பாட்டுடன் மலைநாட்டுக்குப் புறப்படுதல் ஆகாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

நம் முந்திய தலைமுறையினர் ஓட்டிய மொறிஸ் மைனரிலே பாட்டு என்ற ஒன்றே இல்லை. 1948ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வண்டியின் நான்கு சில்லுகளிலும் உருளிப் பிறேக்குகளே இருந்தன. உருளியின் உட்புறத்தை இரு பிறைகள் விரிந்து அழுத்தும். மூடிய இடமாதலால் வெப்பம் எளிதில் வெளியேறாது. வெளியே தெரியும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் முறையை இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902ஆம் ஆண்டிலேயே உரிமைப் பதிவு செய்தாரெனினும், அதன் சிறப்பை உலகம் உணர நெடுங்காலம் சென்றது. 1953ஆம் ஆண்டு லெ மான் இருபத்துநான்கு மணி ஓட்டப் போட்டியிலே தட்டுப் பிறேக் பூட்டிய ஜகுவார் வண்டி வெற்றி பெற்றது. அதன் பின்னரே சாதாரண கார்களுக்கும் இம்முறை வந்து சேர்ந்தது. இன்றுங்கூடச் சிறிய கார்கள் பலவற்றில் முன்னே தட்டும் பின்னே உருளியுமே உள்ளன. நாம் கூறுவது முன்சில்லுத் தட்டுப் பிறேக்கைப் பற்றியே. உருளியின் சுருள்வில்லுகளோடு மல்லாடுவது வேறொரு கலை.

பாட்டு தேய்ந்ததை வண்டியே அறிவிக்கும். பல பாட்டுகளில் ஒரு சிறு உலோக நாக்கு உண்டு. உராயும் பொருள் இரண்டு மூன்று மில்லிமீற்றராகக் குறைந்ததும் அது தட்டிலே தொட்டுக் கீச்சென்று ஒலிக்கும். இதனைக் கேட்டும் கேளாதவர் போல் ஓட்டுவோருக்கு அடுத்து வருவது அரைக்கும் ஓசை. அப்பொழுது பாட்டின் இரும்புத் தகடே தட்டை அறுத்துக்கொண்டிருக்கும். செலவு பல மடங்காகும். புதிய பாட்டில் உராயும் பொருள் பத்து மில்லிமீற்றர் அளவு இருக்கும். மூன்று மில்லிமீற்றரில் மாற்றிவிடுதல் நன்று. பிறேக் ஒயிலின் மட்டம் மெல்ல மெல்ல இறங்குவதும் ஓர் அறிகுறி. பாட்டு தேயத் தேய முசலம் வெளியே வந்து நிற்பதால் ஒயில் அவ்விடத்தை நிரப்பச் செல்கிறது. இதை அறியாதார் குறையைக் கண்டவுடன் ஒயிலை ஊற்றி நிரப்பிவிடுவர். பின்பு முசலத்தை உள்ளே தள்ளும்போது அது வழிந்து வண்டியின் வர்ணத்தைத் தின்னும்.

பாட்டு வாங்குவதற்குப் பொரளைவாசிகள் தூரம் போக வேண்டியதில்லை. மருதானையை அடுத்துள்ள பஞ்சிகாவத்தையிலே கிடையாத உதிரிப் பாகம் அரிது. அங்கே அசலும் உண்டு, அசலைப் போன்றதும் உண்டு. பெட்டியின் அழகைப் பார்த்து வாங்காமல், வண்டியின் மாதிரி எண்ணைச் சொல்லி, நம்பத்தகுந்த கடையிற் பற்றுச்சீட்டோடு வாங்குக. மலிவு தேடுவதற்கு இது இடமன்று. ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்குவதும் கூடாது. இரு முன்சில்லுகளுக்கும் ஒருங்கே மாற்றாவிடின், பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒரு புறமாக இழுபடும்.

வேலை தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பிறியஸ் முதலிய இருவகைச் சத்தி வண்டிகளிலே பிறேக்கை மின்னணுக் கருவி ஆளுகிறது. சாரதியின் கதவைத் திறந்தாலே அது தானாக அமுக்கத்தை ஏற்றக்கூடும். கலிப்பரினுள்ளே விரல் இருக்கும் சமயத்தில் அவ்வாறு நேர்ந்தால் விளைவைக் கூற வேண்டியதில்லை. அத்தகைய வண்டிகளை உரிய கருவியுள்ள கராஜிடமே விடுக. மின்சாரக் கைப்பிறேக் பூட்டிய பின்சில்லுகளுக்கும் இது பொருந்தும்.

பொரளை என்ற பெயர் சரளைக்கல்லைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அப்பெயர் ஊருக்குப் பொருந்தலாம், ஜக் வைக்கும் தரைக்குப் பொருந்தாது. சீமெந்துத் தளமோ இறுகிய சமதரையோ வேண்டும். கைப்பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சில்லு நிலத்திலிருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திய பின்னரே ஜக்கை உயர்த்துக. உயர்த்தியதும் உரிய இடத்திலே தாங்குகட்டை வைத்தல் கட்டாயம். ஜக் தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. கழற்றிய சில்லையும் வண்டியின் விளிம்புக்குக் கீழே படுக்க வைத்தால் இன்னும் ஒரு காவல் கிடைக்கும்.

ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பின்பே மறு பக்கத்தைக் கழற்றுக. கிளிப்பு எவ்வாறு இருந்தது என்ற ஐயம் எழுந்தால், பிரிக்காத பக்கம் பாடப்புத்தகமாக இருக்கும். சுக்கானைத் திருப்பினாற் கலிப்பரின் பின்புறம் வெளியே வரும். அங்குள்ள இரு போல்ட்டுகளிற் கீழ்ப்போல்ட்டை மட்டும் கழற்றினால், பெரும்பாலான சிறிய கார்களிற் கலிப்பர் கதவு போல் மேலே திறக்கும். முழுவதும் கழற்ற நேர்ந்தால் அதனை இறப்பர்க் குழாயிலே தொங்க விடாது கம்பியாற் கட்டி வைக்க வேண்டும். பழைய பாட்டுகள் இரண்டும் கையோடு வரும். இரண்டும் ஒத்த அளவிலே தேய்ந்துள்ளனவா என்று பார்க்க. ஒன்று மிகவும் தேய்ந்து மற்றையது தடித்திருந்தால், கலிப்பர் நழுவியோடும் ஊசிகள் இறுகியிருக்கின்றன என்பது பொருள். அவற்றைத் துடைத்து, வெப்பந் தாங்கும் பிறேக் கிறீசு இடாமற் புதிய பாட்டைப் போட்டால் அதுவும் அவ்வாறே அழியும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வண்டிகளின் லைனிங்குகளிற் கல்நார் இருந்தது. அதன் தூள் நுரையீரலிற் புகுந்தாற் புற்றுநோய்க்குக் காரணமாகும். இன்றைய பாட்டுகள் பலவற்றில் அஃது இல்லை என்றாலும், மலிவாக வருவதில் என்ன கலந்துள்ளதென்று கண்ணாற் கூற முடியாது. ஆகவே வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் ஆகா. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி எறிக. பிள்ளைகளைச் சற்று விலக்கி வைக்க.

புதிய பாட்டு தடித்தது. ஆதலின் வெளியே வந்து நிற்கும் முசலத்தை உள்ளே தள்ளினாலன்றிக் கலிப்பர் மூடாது. பழைய பாட்டை முசலத்தின் முகத்தில் வைத்துக் கிளாம்பினால் மெல்ல மெல்ல அழுத்துக. ஒயிற் கலத்தை இடையிடையே பார்த்துக்கொள்க. தட்டின் தடிப்பு அதிற் பொறித்துள்ள குறைந்த அளவுக்குக் கீழே சென்றிருந்தால் புதிய பாட்டு போட்டும் பயனில்லை. பாட்டின் முகத்திலோ தட்டிலோ எண்ணெய்ப் பசை படலாகாது. பின்னர்ப் போல்ட்டை உரிய இறுக்கத்துக்கு முடுக்கிச் சில்லைப் பூட்டலாம்.

இனிக் கூறப்போவதே இவ்வேலையின் உயிர்நிலை. முசலம் உள்ளே சென்றுவிட்டதால் இப்பொழுது அதற்கும் பாட்டுக்கும் இடையே வெளி உண்டு. இந்நிலையில் ஒருவர் இயந்திரத்தை இயக்கி வண்டியைப் பின்னே எடுத்துப் பிறேக்கை மிதித்தால், மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது. ஒழுங்கையிலே மதிலும் மனிதரும் எத்தனை அடி தூரத்திலிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க. இயந்திரத்தை இயக்குமுன், வண்டி நின்ற நிலையிலேயே, மிதி கல்லைப் போல உறுதியாகும் வரையிற் பலமுறை மெல்ல மிதிக்க வேண்டும். உறுதியான பின்பு ஒயில் மட்டத்தைப் பார்க்க. மிதி பஞ்சு போல் அமிழ்ந்துகொண்டே இருந்தாற் குழாயிற் காற்று புகுந்திருக்கும். அவ்வண்டியை ஓர் அடியும் நகர்த்தாமற் கராஜ்காரரை வீட்டுக்கே அழைக்க வேண்டும்.

புதிய பாட்டும் பழைய தட்டும் ஒன்றோடொன்று பழகச் சிறிது காலம் வேண்டும். போயா தினத்து விடியற்காலையிலே பௌத்தாலோக மாவத்தை ஓரளவு வெறிச்சோடியிருக்கும். பின்னே வண்டி வராததைக் கண்டு, ஐம்பது கிலோமீற்றர் வேகத்திலிருந்து பத்துக்கு மெல்லக் குறைத்து, மீண்டும் ஓட்டி, இவ்வாறு பத்துத் தடவை செய்க. இடையில் முற்றாக நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கலாகாது. கனத்தைச் சுற்றுவட்டத்தைச் சுற்றித் திரும்பும்போது, மயானத்தின் மதிலருகே பிறேக்கைப் பரீட்சிக்கிறோமே என்று சிலருக்குத் தோன்றலாம். அவ்வெண்ணமும் கையை நிதானப்படுத்தும்.

அன்று மாலையே சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க. சிறிய கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீற்றர் வேண்டும். பிறேக் ஒயிலை மாற்றுவதை மட்டும் கராஜுக்கே விடலாம். அது கொழும்பின் ஈரக்காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 வகை ஒயில் புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியசு வரை கொதியாது. நீர் சேர்ந்த பின்போ 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும்; ஆவி அமுங்கும்; மிதித்த விசை சில்லை அடையாது. இரண்டாண்டுகளுக்கு ஒரு முறை, மலைநாட்டுப் பிரயாணத்துக்கு முன்னதாக, இதனை மாற்றுவித்துக்கொள்க.