வானத்தில் ஒரு சாம்பல் புள்ளி

டீயைக் குடியுங்கள், கேமராவை அப்புறம் திறக்கலாம். வானம் வரும் படத்திலெல்லாம் ஒரே இடத்தில் புள்ளி விழுகிறதா? லென்ஸை மாற்றியும் அது நகரவில்லையா? அப்படியானால் தூசி சென்சார் பக்கம்தான். சென்சார் என்று சொல்கிறோமே தவிர, தூசி உட்கார்ந்திருப்பது அதன் முன்னால் பதித்த வடிகட்டிக் கண்ணாடியில். நாம் துடைப்பதும் அதைத்தான். இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மீதி பயம் இருக்கட்டும், நல்லதுதான்.

எஃப்/2.8-ல் காணாத புள்ளி எஃப்/16-ல் மட்டும் எப்படி வருகிறது? டியூப்லைட்டுக்குக் குறுக்காக விரலை நீட்டிப் பாருங்கள், சுவரில் நிழல் கரைந்துபோயிருக்கும். சின்ன டார்ச் விளக்கில் அதே விரல் நறுக்கென்று நிழல் போடும். அப்பர்ச்சர் துளை சிறுக்கச் சிறுக்கத் தூசியின் நிழலும் அப்படித்தான் கூர்மையாகிறது.

ஆகவே சோதனையை எஃப்/22, ஐஎஸ்ஓ 100-ல் செய்யுங்கள். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, வெள்ளைச் சுவரை வேண்டுமென்றே மங்கலாக வைத்து, ஷட்டர் ஒரு விநாடி திறந்திருக்கையில் கேமராவை மெல்ல அசையுங்கள். சுவரின் சொரசொரப்பு கலங்கிவிடும். தூசி மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். படத்தில் மேலே தெரிகிற புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். முன்பக்கமிருந்து பார்க்கையில் இடம் வலம் மாறாது.

எஃப்/22-ல் ஒரு புள்ளிகூட இல்லாத கேமரா அபூர்வம். நீங்கள் எஃப்/8-ஐத் தாண்டாதவர் என்றால் பேசாமல் மூடி வைத்துவிடலாம். துடைத்தே தீருவேன் என்பவர்கள்தான் கண்ணாடியைக் கீறுகிறார்கள்.

முதலில் மெனுவில் உள்ள அதிர்வு முறை. 2003-ல் ஒலிம்பஸ் இ-1 கொண்டுவந்த யோசனை, இன்று பல கேமராக்களில் உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ரப்பர் ப்ளோயர். மின்விசிறியை நிறுத்துங்கள், பேட்டரி முழுசாக இருக்கட்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவின் சுத்தப்படுத்தும் முறையில்தான் சென்சாரை மறைக்கும் மிரரை மேலேற்ற வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடிக்கும் பல்ப் முறையில் விரல் வழுக்கினால் ஷட்டர் ப்ளோயர் மூக்கின் மேலேயே விழும். கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து ஊதினால் தூசி வெளியே உதிரும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஸ்ப்ரே டப்பாக் காற்றும் வேண்டாம். அதிலிருந்து திரவம் பீறிட்டால் புதுக் கறை.

ஊதியும் போகாதது பெரும்பாலும் பிசுக்கு. 2012-ல் வந்த நிக்கான் டி600-ல் சென்சாரில் புள்ளிகள் சேர்கின்றன என்ற புகார் பெருகி, 2014-ல் அந்நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. பிசுக்குக்கு ஈரத் துடைப்புதான் வழி. முழு ஃபிரேமுக்கு 24 மி.மீ. ஸ்வாப், ஏபிஎஸ்-சிக்கு 16. சென்சாருக்கென்று விற்கும் திரவம் இரண்டே சொட்டு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு, திருப்பி மறு முகத்தால் திரும்ப ஒரு இழுப்பு, பிறகு குப்பைக்கூடை. காது குடையும் பஞ்சுக் குச்சி உள்ளே போகவே கூடாது.

மறுபடி எஃப்/22-ல் ஒரு படம் எடுங்கள். ஈரக்கோடு தெரிந்தால் இன்னொரு புது ஸ்வாப். அதற்கும் போகாத புள்ளியைச் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.