பசியாறிவிட்டு வந்தாயா, தம்பி?

நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "பசியாறியாச்சா?" என்றுதான். காலையில் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையை அப்படிக் கேட்பவர் யார்?

காப்பார் வட்டாரத் தோட்டங்களில் முன்பெல்லாம் விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய், பழைய சோற்றையாவது மூடி வைத்துவிட்டுப் போவாள். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தாய்மார் பலர் இருட்டிலேயே தொழிற்சாலை வேன் ஏறுகிறார்கள். ஓய்வு மணி அடிக்குமுன்பே "வயிறு வலிக்குது, டீச்சர்" என்று வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மருந்து ஒரு ரொட்டித் துண்டுதான்.

பள்ளியில் சோறு போடுவது நம்மவருக்குப் புதிதல்ல. 1920இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்க முடிவானது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கட்டளை. 1956இல் காமராசர் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார். ஊரார் நன்கொடையும் அதில் சேர்ந்தது. 1982 சூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். சமையலுக்கு ஆதரவற்ற பெண்கள் பலர் வேலைக்கு வந்தார்கள். ஒரு திட்டம் இரண்டு பசியைத் தீர்த்தது என்பேன்.

முட்டையின் கதையையும் கேளுங்கள். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, 2010இல் வாரம் ஐந்தானது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். வெறும் சோறும் சாம்பாரும் சத்துணவாக மாற இத்தனை ஆண்டுகள்!

காலைப் பசியை மட்டும் வெகுகாலம் யாரும் கவனிக்கவில்லை. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதல்வர் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கிவைத்தார். முதலில் 1,545 பள்ளிகள். மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே பந்தி. ஏழை யார் என்று பட்டியல் போடுவதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

நம் நாட்டிலும் ஆர்.எம்.தி. எனும் கூடுதல் உணவுத் திட்டத்தைக் கல்வி அமைச்சு 1979 முதல் நடத்தி வருகிறது. தலைக்கு 2 வெள்ளி 50 காசாக இருந்ததைப் பின்னர் 3 வெள்ளி 50 காசாக்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் குடும்ப வருமானம் பார்த்தே பெரும்பாலும் பெயர் சேர்க்கிறார்கள். நாலாம் ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் சில பிள்ளைகள், "எனக்குப் பசிக்கல" என்று தட்டைத் தொடமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறானே! 2020 முதல் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசப் பசியாறல் என்று 2019இல் கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் அறிவித்தார். எண்ணியபடி அது நடக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "பிச்சைச் சோறா?" என்று பாரத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அது நாம் கட்டும் வரிப் பணம். சம்பளச் சீட்டோடு பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள். ஆண்டு நடுவில் வேலை போய்விட்டாலும் வந்து சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கலாம். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் காசு சேர்த்துப் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் பிஸ்கட்டும் மைலோவும் வாங்கி வைத்திருக்கிறோம். எல்லாரும் ஒரே மேசையில்தான் உட்காருகிறார்கள்.