வாடாத பூச்செண்டு

பூ என்றால் வாடத்தான் வேண்டும். மாலையில் முழம் போட்டு வாங்கிய மல்லிகை இரவெல்லாம் மணந்து, மறுநாள் காலையில் நாராகக் கிடப்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் ஒரு குறையாகச் சொல்வதில்லை. வாடுவது பூவின் தர்மம். ஆனால் சில வருஷங்களாக நம் கல்யாண வரவேற்புகளிலும் பிறந்த நாள் விருந்துகளிலும் இந்தத் தர்மத்துக்குக் கட்டுப்படாத பூச்செண்டு ஒன்று தலைகாட்டி வருகிறது. ரோஜா, சூரியகாந்தி, டுலிப் எல்லாம் அதில் உண்டு. இதழும் இலையும் காம்பும் உண்டு. மணம் மட்டும் கிடையாது. தொட்டுப் பார்த்தால் நூல்! குரோஷா என்று நம் வீடுகளில் வழங்கும் கொக்கி ஊசிப் பின்னலால் செய்த பூக்கள் அவை.

இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். காஞ்சிபுரம் ஜில்லாவில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே உள்ள மண்ணூரை வைத்து யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் அவ்வளவு சிறியதல்ல என்று தெரிந்தது.

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதே நம் பெரியோர்களுக்கு நினைவு வரும். இளைஞர்களைக் கேட்டால் மோட்டார் வண்டிகளையும் கைப்பேசிகளையும் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷம் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை எழுந்தது. பல ஊர்களிலிருந்து வந்த இளம் பெண்கள் இப்பிரதேசத்து ஆலைகளில் முறை வைத்து வேலை செய்கிறார்கள். அவர்கள் தங்குவதற்கென்று 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட குடியிருப்பில் மாத்திரம் 18,720 படுக்கைகள் உண்டு என்றால், எத்தனை ஜோடிக் கைகள் அங்கே உழைக்கின்றன என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

இயந்திரங்கள் இவ்வளவு நிறைந்த பிரதேசத்தில், இயந்திரத்தால் செய்ய முடியாத பொருள் ஏதாவது உண்டா? உண்டு. அதுதான் குரோஷாப் பூ.

இது வேடிக்கைப் பேச்சல்ல. துணி நெய்ய இயந்திரம் இருக்கிறது. பனியன் பின்னவும் இருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-லேயே காலுறை பின்னும் பொறியைச் செய்துவிட்டார். திருப்பூரின் செல்வமெல்லாம் அந்தப் பொறியின் பேரப்பிள்ளைகளால் வந்ததுதான். அந்தப் பின்னலில் கண்கள் வரிசையாக ஊசிகளில் காத்து நிற்கும்; ஒவ்வோர் ஊசியும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும். குரோஷாவிலோ ஒரே ஒரு கொக்கி. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கண். அடுத்தாற்போல் ஊசியை எங்கே செலுத்துவது, நூலை எவ்வளவு இழுப்பது, எப்போது வளைவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் கண்ணும் விரலும் சேர்ந்து அந்தந்தக் கணத்தில் தீர்மானிக்கின்றன. இதைப் போலச் செய்யும் பொறிகளை ஆராய்ச்சிக் கூடங்களில் முயன்று வருகிறார்கள். குரோஷாவைப் போல் தோன்றும் சரிகைத் துணிகளும் ஆலைகளில் உற்பத்தியாகின்றன. ஆனால் உருண்டு திரண்ட ஒரு ரோஜாவைச் செய்து கடைக்கு அனுப்பும் இயந்திரம் இல்லை. ஆகவே கடையில் எந்த விலைக்கு ஒரு குரோஷாப் பூ தொங்கினாலும், அதை யாரோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

இனி, பூவைச் செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

முதலில் நூல். கடைகளில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கிடைப்பதில் பெரும்பாலும் கம்பளி கிடையாது. அது அக்ரிலிக் என்ற செயற்கை இழை. பளபளப்பாகவும் மலிவாகவும் இருக்கும். ஆனால் பருத்தி நூலில் செய்த இதழ் விறைப்பாக நிற்கும். நம் நாட்டுச் சரக்காகவும் இருக்கும். நூலின் பருமனுக்கு ஏற்ற ஊசி வேண்டும். நடுத்தரப் பருமனுள்ள நூலுக்கு இரண்டரை அல்லது மூன்று மில்லிமீட்டர் ஊசி சரியாக இருக்கும். ஊசி பெரிதானால் இதழ் தொளதொளத்துப் போகும்.

ரோஜாவுக்குச் சுமார் நாற்பத்தைந்து கண்கள் கொண்ட சங்கிலி ஒன்றைப் பின்னிக் கொள்ள வேண்டும். பிறகு திரும்பி, மூன்றாவது கண்தோறும் இரண்டு நீளப் பின்னல்கள் போட்டு, அவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு சங்கிலிக் கண் விட வேண்டும். வரிசை முடிந்ததும் சின்னச் சின்னக் கவண்களை வரிசையாக நிறுத்தியது போல் தோன்றும். அடுத்த வரிசையில் ஒவ்வொரு கவணின் நடுவிலும் ஆறு முதல் எட்டு நீளப் பின்னல்கள் போட்டால், ஒவ்வொன்றும் விசிறி போல விரிந்து ஓர் இதழாகும். முதல் நான்கு இதழ்களுக்கு ஐந்து பின்னல்களே போதும். அவை நடு மொட்டாக அமையும். இப்போது கையில் இருப்பது சுருண்டு கிடக்கும் ஒரு நாடா. அதைச் சிறிய இதழ்ப் பக்கத்திலிருந்து சுருட்டி, அடியில் ஊசி நூலால் நன்றாகத் தைத்தால், பார்த்துக் கொண்டிருக்கும்போதே ரோஜா மலர்ந்துவிடும். முதன் முதலில் செய்பவர்கள் இந்த இடத்தில் தம்மை அறியாமல் சிரித்து விடுவார்கள்.

இலைக்குப் பன்னிரண்டு கண் சங்கிலி. அதன் ஒரு பக்கமாகக் குட்டையில் தொடங்கி நடுவில் நீளமாகி மறுபடி குட்டையில் முடியும்படி பின்னி, முனையில் திரும்பி, மறு பக்கமும் அவ்விதமே செய்தால் நடு நரம்போடு இலை வந்துவிடும். காம்புக்கு மெல்லிய கம்பியை வளைத்துப் பூவின் அடியில் மாட்டி, பச்சை நூலை நெருக்கமாகச் சுற்றி, நுனியில் பசை வைக்க வேண்டும். கம்பி நுனி வெளியே நீட்டாதிருப்பது முக்கியம். செண்டைக் குழந்தைகள் கையில் எடுக்காமல் விடப் போவதில்லை. ஏழு பூவும் ஏழு இலையும் சேர்த்து, நடுவில் உயரமாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் அடுக்கிக் கட்டிக் காகிதம் சுற்றினால் செண்டு தயார். தூசி படிந்தால் மென்மையான தூரிகையால் தட்டலாம்.

கை தேர்ந்தவர்களுக்கும் ஒரு ரோஜாவுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். இந்த அரை மணி நேரத்தின் விலை என்ன என்பதுதான் நாம் கேட்க வந்த கேள்வி.

நூல் வேலை என்றால் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1845-இல் அயர்லாந்து தேசத்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டு கொடிய பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1847-இல், குளோன்ஸ் என்ற ஊரின் பாதிரியாரின் மனைவி கஸாண்ட்ரா ஹாண்ட், அங்குள்ள ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பிக்க ஏற்பாடு செய்தார். ரோஜாவும் இலையும் தனித்தனியே பின்னி, பிறகு வலைப் பின்னலால் இணைப்பதே ஐரிஷ் குரோஷாவின் முறை. அந்த நூல் ரோஜாக்கள் சீமாட்டிகளின் ஆடைகளில் ஏறின. அவற்றின் கூலி அயர்லாந்துக் குடிசைகளில் அடுப்பை எரிய வைத்தது. இன்று நம் செண்டில் இருக்கும் ரோஜாவுக்கு அந்தப் பஞ்ச காலத்து ரோஜா மூத்த சகோதரி.

அயர்லாந்து வரை போவானேன்? நம் நாகர்கோவிலிலேயே 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் பாதிரியாரின் மனைவி பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அது கொக்கி ஊசியால் அல்ல, நூற்கட்டைகளால் செய்யும் லேஸ். திருவிதாங்கூரில் அப்போது மனிதர்களை அடிமைகளாக விற்றும் வாங்கியும் வந்தார்கள். 1855-இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொண்டு சில பெண்கள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். நூலால் சங்கிலி பின்னுவது தெரியும். நூலால் சங்கிலியை அறுத்தவர்களும் நம் தமிழ்ப் பெண்களே.

ஆனால் கைவேலை எப்போதும் விடுதலை தந்துவிடுவதில்லை. ஆந்திர தேசத்தில் கோதாவரிக் கரையை ஒட்டிய நரசாபுரம் குரோஷா லேசுக்குப் பெயர் பெற்ற ஊர். 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே தங்கி ஆராய்ந்த மரியா மீஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலையெல்லாம் செய்து கொண்டே, ஏழைப் பெண்கள் தினம் ஆறு மணி, எட்டு மணி நேரம் லேஸ் பின்னினார்கள்; அந்த லேஸ் கப்பலேறி வெளிநாடு போயிற்று; வியாபாரிகள் பணக்காரர்கள் ஆனார்கள். ஆனால் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. "சும்மா வீட்டில் இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள்" என்பதே பேச்சு. ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால், கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா?

இந்தத் தந்திரத்தை நன்றாக அறிந்திருந்தவர் மகாத்மா காந்தி. கதரின் விலையைக் குறைப்பதற்காக நூற்பவளின் கூலியைக் குறைப்பது தர்மம் அல்ல என்று அவர் வற்புறுத்தினார். 1935-இல் அகில பாரத சர்க்கா சங்கம், நூற்போருக்கு எட்டு மணி நேர வேலையைக் கணக்கிட்டு, ஜீவனத்துக்குப் போதுமான குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று தீர்மானித்தது. கதர் விலை ஏறும் என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு என்பதே அதன் பொருள்.

அதே கணக்கை நம் செண்டுக்கும் போட்டுப் பார்ப்போம். ஏழு ரோஜாவுக்கு மூன்றரை மணி நேரம். ஏழு இலைக்கு, ஒன்றுக்குப் பத்து நிமிஷம் வீதம், எழுபது நிமிஷம். காம்பு சுற்றிக் கட்டி முடிக்க ஐம்பது நிமிஷம். ஆக மொத்தம் ஐந்தரை மணி நேரம். நூல், கம்பி, காகிதம், பசை எல்லாம் 150 ரூபாய் என்றும், மணிக்கு 60 ரூபாய் கூலி என்றும் வைத்துக் கொண்டால், செண்டின் அடக்க விலை 480 ரூபாய். அதையே, "நூல் பூதானே, 250 ரூபாய்க்குக் கொடு" என்று பேரம் பேசினால், பின்னியவளுக்கு மிஞ்சுவது 100 ரூபாய். மணிக்குப் பதினெட்டு ரூபாய் சொச்சம். பேரத்தில் நாம் குறைத்தது நூலின் விலையை அல்ல; அவளுடைய பொழுதின் விலையை.

விற்கிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. முதல் பூவைப் பின்னும்போதே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து வையுங்கள். உங்கள் கணக்கில் உங்கள் நேரம் இல்லாவிட்டால், வாங்குகிறவர் கணக்கில் அது எப்படி வரும்? அரை மணிக்கு ஒரு தரம் ஊசியைக் கீழே வைத்து, விரல்களையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்குங்கள். பூ வாடாது, கை வாடும்.

பூச்செண்டு செய்தால் ஆலைச் சம்பளத்தை விட்டுவிடலாம் என்று சொல்ல நாம் வரவில்லை. மாதச் சம்பளத்துக்கு ஈடு மாதச் சம்பளம்தான். ஆனால் ஆலைகளும் என்றென்றைக்கும் நிற்பவை அல்ல. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கி, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. ஆலை போகும்போது இயந்திரம் ஆலையோடு போய்விடும். கையிலிருக்கும் தொழில் கையோடு இருக்கும்.

பல கைகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் நம் மாகாணம் பார்த்திருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் என்பவர் ஒன்று திரட்டிய 'மதர் இண்டியா'ஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு, 2016 ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில், 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்து உலக சாதனை படைத்தது. அவரவர் வீட்டுக் கூடத்தில் தனித்தனியே பின்னிய சதுரங்கள்தான் அவை. மண்ணூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள பெண்கள் நாலு பேர் கூடினால், நூலை மொத்தமாக வாங்கலாம். ஒரே விலை சொல்லலாம். ஒருத்தியைத் தனியே மடக்கி விலையைக் குறைக்கிறவர்களுக்கு இடமில்லாமல் செய்யலாம்.

அடுத்த முறை ஒரு கல்யாணத்தில் நூல் பூச்செண்டு ஒன்று உங்கள் கைக்கு வந்தால், ஒரு பூவைத் திருப்பி அதன் அடியைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு முடிச்சு இருக்கும். அதை யாரோ ஒரு பெண் தன் விரலால் இழுத்து இறுக்கியிருக்கிறாள். நாம் கொடுத்த விலை அந்த முடிச்சு வரை போய்ச் சேர்ந்திருக்குமானால், அந்தச் செண்டு வாடாதது என்று தாராளமாகச் சொல்லலாம்.