ஒரு தேதியின் இரு பக்கங்கள்

சிதம்பரத்தில் ஒரே அரசுப் பள்ளியில், ஒரே பாடத்தை ஒரே சம்பள விகிதத்தில் போதிக்கும் இரண்டு உபாத்தியாயர்களில், 2003 மார்ச்சில் உத்தியோகம் ஏற்றவருக்கு, தம் கையிலிருந்து ஒரு காசும் கட்டாமலே, முழுச் சேவை முடித்தால் கடைசிச் சம்பளத்தில் பாதியும் விலைவாசியோடு ஏறிவரும் அகவிலைப்படியும் ஆயுள் உள்ளளவும் உண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவருக்கோ, மாதந்தோறும் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்து பிடித்து, அதே அளவு சர்க்காரும் போட்டு, வட்டியோடு வளர்ந்த தொகையே கைக்கு வரும் என்று விதியாயிற்று.

இத்தகைய கோட்டை உச்ச நீதிமன்றம் ஒருமுறை அழித்ததுண்டு. கடைசி 36 மாதச் சராசரிச் சம்பளத்தைக் கொண்டு பென்ஷன் கணக்கிட்டு வந்த மத்திய சர்க்கார், 1979-ல் அதை 10 மாதச் சராசரியாக மாற்றி, அந்த அனுகூலம் அவ்வாண்டு மார்ச் 31 முதல் ஓய்வு பெறுவோருக்கு மட்டுமே என்றபோது, டி. எஸ். நகரா முதலியோர் தொடுத்த வழக்கில், பென்ஷன் தயவால் கொடுக்கும் தானமன்று, செய்த சேவைக்கு உரிய பாத்தியதை என்றும், ஓய்வு பெற்றவர்களைத் தேதியால் பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றும் 1982 டிசம்பர் 17-ல் தீர்ப்பு வந்தது. அந்நாளையே ஓய்வூதியர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆயினும், புதிய விதியின் கீழ் வேலைக்கே புதிதாகச் சேர்கிறவரை அந்தத் தீர்ப்பு காப்பதில்லை.

கடலூர் சிப்காட் ஆலைத் தொழிலாளியின் நிலைமை இதனினும் பரிதாபமானது. 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி அவருடைய சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள்; உச்சவரம்பான 15,000 ரூபாய்க்குச் சந்தா கட்டி 33 ஆண்டுகள் உழைத்து, சலுகையாக 2 ஆண்டுகள் கூட்டப்பெற்றாலும், கிடைப்பது மாதம் 7,500 ரூபாய்தான். அதற்கு அகவிலைப்படியும் கிடையாது. 2014 செப்டம்பரில் 12 மாதச் சராசரியை 60 மாதமாக்கியபோது, சம்பளம் குறைவாயிருந்த பழைய வருஷங்களும் கணக்கில் புகுந்து, பின்னால் ஓய்வு பெறுகிறவரின் தொகையை மேலும் குறைத்தன.

அரசு ஊழியரின் பழைய திட்டத்தை அப்படியே மீட்டால் போதும் என்பாரின் வேதனை நியாயமானதே. ஆனால் அந்தச் செலவை ஏற்க வேண்டியவர்களுள், வாங்கும் பல பொருள்களுக்கு வரி கொடுக்கிற, முதுமையில் அத்தகைய பென்ஷன் எதுவும் இல்லாத கிள்ளை மீனவரும் புவனகிரி விவசாயக் கூலியும், இன்னும் பிறவாத அவர்கள் சந்ததியும் இருக்கிறார்கள். 2026 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த புதிய திட்டம், கடைசி அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதியை உறுதி செய்து, ஊழியரின் பத்து சதவிகிதப் பங்கையும் நிலைநிறுத்துவதால், பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழி என்றே நான் கருதுகிறேன்.

இனி எந்தச் சர்க்கார் பென்ஷன் சூத்திரத்தை மாற்றினாலும், உழைத்து முடித்த ஆண்டுகளின் பலனில் கை வைக்கலாகாது. வருங்காலத் தலைமுறை எவ்வளவு கொடுக்க நேரும் என்ற கணக்கையும் அந்த உத்தரவோடேயே பிரசுரிக்க வேண்டும். ஊழியர் சங்கங்களும் ஓய்வூதியர் சங்கங்களும் இவ்விரண்டையும் சேர்த்தே கேட்கட்டும்.