மண்ணில் போட்ட மருந்து எங்கே போகிறது?

பௌலி என்றால் படிக்கிணறு. கச்சிபௌலி என்ற பெயரிலேயே கிணறு இருக்கிறது. ஆனால் இன்று அங்கே கண்ணில் படுபவை வானளாவிய கட்டடங்கள்தாம். ஒரு தலைமுறைக்கு முன்பு வயலும் புதரும் பாறையுமாக இருந்த இடத்தில் சாரம் கட்டவும் கம்பி வளைக்கவும் நம்மவர்கள் பலர் வந்திருக்கிறார்கள். கை இங்கே வேலை செய்தாலும் மனம் ஊரிலுள்ள ஓரிரு ஏக்கரையே சுற்றிக்கொண்டிருக்கும்.

பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு ஊரிலிருந்து தம்பி போன் செய்தார். "அண்ணே, உளுந்து நல்லாத்தான் முளைச்சுது. கொஞ்ச நாள்ல இலை ஓரமெல்லாம் மஞ்சளாகிக் காய்ஞ்சு போச்சு. விதைக்காரன் ஏமாத்திட்டான்."

விதைக்கும் உழவுக்கும் பணம் அனுப்பியவர் அண்ணன்தான். அதற்காக இங்கே இரண்டு மாதம் ஓவர்டைம் பார்த்திருந்தார். "முளைச்ச விதைமேல என்னடா குத்தம்?" என்று அவர் துருவிக் கேட்டபோது மற்றொரு செய்தி வெளிவந்தது. முந்தைய போகத்தில் அதே நிலத்தில் மக்காச்சோளம். அதற்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி தெளித்திருந்தார்கள். 'நல்லாக் கேட்கட்டும்' என்று, சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு!

ஆள் இல்லாத வயல்

களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்பது ஊர்ப்புறத்தில் எங்கும் கேட்கும் புகார். ஆட்களில் பலர் கச்சிபௌலி போன்ற இடங்களுக்கு வந்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். களைக்கொத்து செய்த வேலையை இன்று மருந்து செய்கிறது.

களைக்கொல்லிகளில் ஒரு வகை இலைமேல் தெளிப்பது. மற்றொரு வகை, விதைத்த சில நாட்களுக்குள் ஈர மண்ணில் தெளிப்பது. மக்காச்சோளத்துக்கு அட்ரசின், பருத்திக்கும் நிலக்கடலைக்கும் பெண்டிமெத்தலின், நெல்லுக்குப் பூட்டாகுளோர் ஆகியவை இந்த இரண்டாம் வகை. இவை மேல்மண்ணில் தங்கி, முளைத்து வரும் களையை அழிக்கின்றன.

அட்ரசினை வேர் உறிஞ்சுகிறது. அது இலைக்குச் சென்று, வெயிலைக் கொண்டு செடி உணவு தயாரிப்பதைத் தடுத்துவிடுகிறது. மக்காச்சோளமும் சோளமும் அந்த மருந்தைத் தம் உடலிலேயே சிதைத்துவிடும். உளுந்துக்கு அந்தச் சக்தி போதாது. விதையிலுள்ள உணவு தீரும்வரை செடி பச்சையாக நிற்கும்; பிறகு ஓரம் மஞ்சளாகிக் கருகும். முளைக்காமற் போனால் விதையைச் சந்தேகிக்கலாம். முளைத்தபின் இப்படிக் கருகினால் மண்ணையும் சந்தேகிக்க வேண்டும்.

பாதி, கால், அரைக்கால்

மண்ணில் போட்ட மருந்து ஒரே நாளில் மறைவதில்லை. நுண்ணுயிர்கள் அதைத் தின்று சிதைக்கின்றன. கொஞ்சம் வெயிலில் அழிகிறது, கொஞ்சம் காற்றில் ஆவியாகிறது, கொஞ்சம் நீரோடு போகிறது. அட்ரசின் பாதியாகக் குறையச் சராசரியாக 60 நாள் ஆகும் என்று நூல்களில் கணக்குண்டு. அதன்படி 120 நாளில் கால் பங்கும், 180 நாளில் அரைக்கால் பங்கும் மிஞ்சும். இரட்டை அளவு போட்டவர் நிலத்திலோ 120 நாளுக்குப் பின்னும் சொன்ன அளவில் பாதி கிடக்கும்! மக்காச்சோளம் அறுத்து உளுந்து விதைக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கணக்கு எல்லா மண்ணுக்கும் ஒன்றல்ல. ஈரமும் வெப்பமும் தொழு உரமும் உள்ள மண்ணில் மருந்து விரைவில் அழியும். மழை பொய்த்த ஆண்டிலும், காரத்தன்மை மிகுந்த கரிசலிலும் நாள் பிடிக்கும்.

கிணற்றுக்கும் குளத்துக்கும்

ஒரு லிட்டர் நீரில் அட்ரசின் சுமார் 33 மில்லிகிராம் கரையும். ஆகவே மழைநீரோடு கீழே இறங்கிக் கிணற்றைச் சேரக்கூடும். பெண்டிமெத்தலின் 1 மில்லிகிராம்கூடக் கரையாது. மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் மழையில் மண் அரித்தால் அதோடு குளத்துக்குச் சென்று மீனுக்குக் கேடு செய்யும்.

நிலத்தடி நீரை முன்னிட்டே 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினுக்கு அனுமதி மறுத்தது. அமெரிக்காவில் அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் குடிநீரில் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது அங்குள்ள விதி. நம் மத்திய அரசு 2018 ஆகஸ்டில் பிறப்பித்த ஆணையில் லினுரான், டிரைபுளூரலின் என்ற களைக்கொல்லிகளைத் தடை செய்தது. அலாகுளோருக்கு 2020 டிசம்பர் 31-ஐக் கெடுவாக வைத்தது.

செலவில்லாத சோதனை

கச்சிபௌலிக்கு அதிக தூரமில்லாத ராஜேந்திரநகரில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1978-ல் தொடங்கிய அகில இந்தியக் களை ஆராய்ச்சித் திட்டத்துக்கு அங்கும் கோவையிலும் மையங்கள் உண்டு. மண்ணில் தங்கும் களைக்கொல்லி பற்றிய ஆராய்ச்சியும் இத்திட்டத்தில் அடங்கும்.

ஆனால் ஆய்வுக்கூடம் செல்லாமலே விவசாயி செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. மருந்து போட்ட வயலில் நாலைந்து இடங்களில் மேல்மண் எடுத்துக் கலந்து ஒரு தொட்டியில் இடவேண்டும். மருந்து படாத இடத்து மண்ணை மற்றொரு தொட்டியில் இடவேண்டும். இரண்டிலும் அடுத்துப் போடவிருக்கும் விதையை ஊன்றித் தண்ணீர் விட்டு மூன்று வாரம் பார்க்கவேண்டும். முதல் தொட்டியில் மட்டும் செடி கருகினால் அந்தப் பயிரைத் தள்ளிப் போடுவதே நல்லது.

பெரம்பலூர்க்காரர் தம்பியிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு அந்த நிலத்தில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் விதைக்கிறார்கள். அட்ரசினை அது தாங்கும். இனி எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று வீட்டுக் காலண்டரில் குறித்து வைக்கவேண்டும் என்பது அண்ணன் கட்டளை. அடுத்த விதைப்புக்குப் பணம் அனுப்புமுன் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்.