பாட்டனாரின் குரல்

ரஷ்ய இசையாசிரியர் சேர்கேய் புரொக்கோபியேவ் 1936 ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரச் சிறுவர்க்கெனக் கதையும் இசையும் கலந்த ஓர் ஆக்கத்தைச் செய்தளித்தார். ‘பீற்றரும் ஓநாயும்’ என்பது அதன் பெயர். மேனாட்டு வாத்தியக் குழுவிலுள்ள கருவிகளைச் சிறுவர் செவியாலேயே இனங்காண வேண்டும் என்பது அதன் நோக்கம். கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருவி. சிறகடிக்கும் பறவைக்குப் புல்லாங்குழல். நீந்தும் தாராவுக்கு ஓபோ. பதுங்கி வரும் பூனைக்குக் கிளாரினெற். ஓநாய்க்கு மூன்று கொம்புகள். வேலிக்கு வெளியே சென்ற பேரனைக் கடிந்து முணுமுணுக்கும் பாட்டனாருக்கோ பசூன்.

புரொக்கோபியேவ் பாகம் பிரித்ததிற் பிழையில்லை. பசூனின் தாழ்ந்த ஒலியிலே கிழவர் ஒருவரின் சினமும் தளர்ச்சியும் கேட்கத்தான் செய்கின்றன. ஆயினும், முதியவர், கோமாளி, குடிமயக்கத்தில் தள்ளாடுபவர் என இக்கருவிக்கு அளிக்கப்பட்ட வேடங்கள் அதன் மீது ஒட்டிக்கொண்டு விட்டன. அதே கருவியைத் தேடிச் சென்று, வேறெவரிடமும் சொல்ல இயலாதவற்றை அதனிடம் ஒப்படைத்த இசையாசிரியர்களும் உளர். அவர்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

மேனாட்டார் மரத் துளைக்கருவிகள் என ஒரு குடும்பமாகக் கொள்பவற்றுள் தலையாயவை புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற், பசூன் என்னும் நான்கும். மரம் என்பது இன்று பெயரளவிலேதான். வாத்தியக் குழுக்களிலே புல்லாங்குழல் பெரும்பாலும் உலோகத்தாற் செய்யப்படுகின்றது. பித்தளையாலான சக்ஸபோனும் இக்குடும்பத்திலேயே சேர்க்கப்படுகின்றது. ஒலி பிறக்கும் முறையே இங்குக் கணக்கு. புல்லாங்குழலில் துளையின் விளிம்பில் மோதும் காற்று ஒலிக்கின்றது. கிளாரினெற்றில் ஒற்றை நாணற் பட்டை அதிர்கின்றது. இக்கருவி நம்மவர்க்குப் புதியதன்று, ஏ. கே. சி. நடராஜன் அதனைக் கருநாடக இசைக்கு இசைவித்த சிறப்பை மூத்தோர் அறிவர்.

ஓபோவும் பசூனும் இரட்டைப் பட்டையால் ஒலிப்பவை. நாதஸ்வரத்தின் சீவாளியைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மெல்லியதாகச் சீவிய இரண்டு நாணல் இதழ்களை ஒன்றோடொன்று பொருந்தக் கட்டி, உதடுகளுக்கிடையே வைத்து ஊத, அவை திறந்தும் மூடியும் அதிர்ந்து குழலுள்ளே காற்றை அசைக்கின்றன. ஐரோப்பியக் கலைஞர் நெடுங்காலமாக விரும்பிக் கொள்ளும் நாணல் தென் பிரான்சின் வார் மாவட்டத்திலே விளைவது. பசூன் வாசிப்போருட் பலர் தம் சீவாளியைத் தாமே சீவிக்கொள்வர். ஒரு கீறல் கூடினால் ஒலி மெலியும். ஒரு கீறல் குறைந்தால் கருவி முரண்டு பிடிக்கும். மேடையில் அரைமணி நேரம் வாசிப்பவர் வீட்டிலே கத்தியும் அரமுமாகப் பல மணி நேரம் இருந்திருப்பார். நம் நாதஸ்வரக் கலைஞர் கருவியிலே மாற்றுச் சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பதன் காரணமும் இத்தகைய கவலையேயன்றோ?

பசூனின் குழல் முழுவதையும் நீட்டி வைத்தால் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் வரும். ஆகவே அதனை நடுவிலே மடித்து, மேப்பிள் மரத் துண்டுகளை இணைத்துக் கட்டியுள்ளனர். மடித்த பின்னரும் அது ஒன்றேகால் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. இத்தாலியர் இதனை ‘பகொட்டோ’ என்பர். விறகுக்கட்டு என்பது பொருள். வாசிப்பவரின் இடக்கைப் பெருவிரல் ஒன்றே எட்டுக்கு மேற்பட்ட விசைகளை ஆள வேண்டும். மற்றைக் கருவிகளிலே பெருவிரலுக்கு இத்துணைத் தொண்டு இல்லை. ஜெர்மனியில் அல்மென்றேடர், ஹெக்கல் என்னும் இருவர் 1831 இலே கூடித் தொழில் தொடங்கிச் செய்த திருத்தங்களின் வழிவந்த பசூனே இன்று உலகின் பெரும்பாகத்தில் வழங்குவது.

இதன் ஒலி ஏறத்தாழ மூன்றரை ஸ்தாயிகளிலே பரந்து செல்லும். அடி ஸ்தாயியிலே விட்டு விட்டு ஒலித்தால் நகைப்பூட்டும். நடு ஸ்தாயியிலே இழைத்துப் பாடினால் ஆண்மகனொருவன் தணிந்த குரலிலே தன் துயரைச் சொல்வது போலிருக்கும். உச்சிக்கு ஏறினாலோ, தொண்டை இறுகி வரும் விசித்திரமான ஓலமாகிவிடும். ஒரு கருவிக்குள் மூன்று பேர் குடியிருக்கின்றனர் எனலாம்.

பதினேழாம் நூற்றாண்டிலே பெரும்பாலும் ஆதார இசையைத் தாங்கி நிற்பதே இதன் பணி. வெனிஸ் நகரத்து விவால்டி இதனை முன்னே கொணர்ந்து, தனிக்கருவியும் குழுவும் எதிர்நின்று இசைக்கும் கொன்சேர்ட்டோ வடிவத்தில் 39 ஆக்கங்களை இதற்கென எழுதினார். அவற்றுள் இரண்டு முற்றுப்பெறாதவை. மோசார்ட் தம் பதினெட்டாம் வயதில், 1774 இல், எழுதிய பசூன் கொன்சேர்ட்டோவை இன்றும் இக்கருவியைக் கற்போர் அனைவரும் கடந்தே செல்ல வேண்டும்.

ஆனால் நகைச்சுவைக்குக் கிடைத்த வாய்ப்புகளே மிகுதி. ஹைடனின் 93 ஆம் சிம்பனி 1792 இலே லண்டனில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியில் இசை மெலிந்து மெலிந்து ஏறக்குறைய அடங்கும் வேளையிலே, பசூன் திடீரென அடித்தொண்டையில் உரத்து ஒரு சுரம் எழுப்பும். அது எதனை நினைவூட்டும் என்பதைக் குடும்பப் பகுதியில் எழுதுவதற்கில்லை. பீத்தோவன் தம் ஆறாம் சிம்பனியிலே நாட்டுப்புற வாத்தியக்காரரைக் காட்டுமிடத்து, ஒருசில சுரங்களை மாத்திரமே அறிந்த பசூன்காரர் ஒருவரையும் அமர்த்தியுள்ளார். பிரெஞ்சு இசையாசிரியர் போல் டூக்கா 1897 இல் ஆக்கிய ‘மந்திரவாதியின் சீடன்’ என்பதிலே, தண்ணீர் சுமக்கக் கிளம்பும் துடைப்பத்தின் நடையை மூன்று பசூன்கள் வாசிக்கின்றன. கோடரியாற் பிளவுண்ட துடைப்பம் மீண்டும் உயிர்பெறுவதை, அதனினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்த பெரும் பசூன் முனகி அறிவிக்கும். இதனை மாணவர் சிலருக்கு ஒருமுறை ஒலிக்கச் செய்தேன்; வகுப்பு முழுவதும் சிரித்தது.

அடுத்து அவர்களுக்குக் கேட்பித்தது சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பனி. “சேர், இது அதே வாத்தியமா?” என்றான் ஒருவன். 1893 ஒக்ரோபரில் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஆசிரியரே நடத்தி அரங்கேற்றிய ஆக்கம் அது. ஒன்பது நாள்களின் பின் அவர் காலமானார். தொடக்கத்திலே கீழ் நரம்புக் கருவிகள் இருளாகப் பரவ, அவ்விருளினுள்ளிருந்து பசூன் படிப்படியாக ஏற முயல்கின்றது. ஏறி ஏறித் தளர்கின்றது. இதிலே நகைப்பிற்கு இடம் ஏது? அதே பகுதியிற் பின்னர் பசூனுக்கு நான்கு சுரங்கள் உள. மெல்லிசையைக் குறிக்கும் எழுத்தை ஆறு முறை அடுக்கி எழுதியுள்ளார் சைக்கோவ்ஸ்கி. தாழ்ந்த சுரங்களை அத்துணை மென்மையாக எழுப்புவது பசூனுக்கு எளிதன்று. ஆகவே நடத்துநர் பலர் அந்நான்கையும் தாழ்சுரக் கிளாரினெற்றுக்குக் கொடுத்துவிடுகின்றனர். எனக்கு இது உடன்பாடன்று. அவ்விடத்தில் வேண்டப்படுவது தடுமாறும் மூச்சே. அதனை வழுவழுப்பாக்கி என்ன பயன்?

1913 மே 29 ஆம் நாள் பாரிஸ் நகரில் ஸ்ராவின்ஸ்கியின் ‘வசந்த வேள்வி’ என்னும் நடன இசை தொடங்கியதும் பசூனாலேயே. அவர் அதனை உச்ச ஸ்தாயிக்கு ஏற்றி, லித்துவேனிய நாட்டுப்பாடல் ஒன்றின் மெட்டைத் தனியே பாடவிட்டார். ஒலிப்பது எக்கருவி என்பதே பலர்க்கு ஐயமாகும் உயரம் அது. அன்றிரவு சபையிலெழுந்த கூச்சலும் குழப்பமும் வரலாறாயின.

எனினும், பசூன் மிகக் கடினமான பொறுப்பை ஏற்றது 1945 இல் என்பேன். போர் முடிந்தது. சோவியத் நாடு வெற்றிக் களிப்பிலே திளைத்தது. ஷொஸ்தகோவிச்சின் அடுத்த சிம்பனி ஒன்பதாவது. பீத்தோவனின் ஒன்பதாவதைப் போலப் பாடற்குழுவும் பெருமுழக்கமுமாக, தலைவரைப் புகழும் வெற்றிக் காவியம் வருமென எதிர்பார்த்தனர். நவம்பர் 3 ஆம் நாள் லெனின்கிராட்டில் அவர் கேட்பித்ததோ, அரைமணி நேரமும் நீடியாத, குறும்பும் துள்ளலும் மிக்க ஒரு சிறிய சிம்பனி.

அதன் நான்காம் பகுதியில் பித்தளைக் கருவிகள் திடீரென இடிபோல முழங்குகின்றன. அரச ஆணை எனத் தோன்றும். முழக்கம் ஓய்ந்ததும், பசூன் ஒன்று தன்னந்தனியே எழுந்து பேசத் தொடங்குகின்றது. தாளத்தின் கட்டு இல்லை. துணைக்கு வருவாரும் இல்லையென்றே கூறலாம். மாண்டோரை எண்ணி ஒருவர் நடுச்சபையிலே நின்று புலம்புவது போன்றது அது. மறுபடியும் முழக்கம், மறுபடியும் பசூன். பின்னர், எவரும் எதிர்பாராத வகையில், அதே பசூன் மூச்சு விடும் இடைவெளியிலே முகத்தை மாற்றிக்கொண்டு, கோமாளியின் மெட்டொன்றை மெல்ல இழுத்து இறுதிப் பகுதியைத் தொடக்கி வைக்கின்றது. அழுததை யாரோ கண்டுவிட்டனர் என அஞ்சிச் சிரித்தவாறு.

இவ்வேலையை வயலினுக்குக் கொடுத்திருந்தால் அழுகை மட்டுமே எஞ்சியிருக்கும். கோமாளி என்று பெயரெடுத்த கருவியாதலின், அழுததா சிரித்ததா என்று எவராலும் குற்றஞ்சாட்ட இயலாது. ஆயினும் ஆட்சியாளர் உணராமலில்லை. 1948 இலே ஷொஸ்தகோவிச் பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்டு ஆசிரியப் பதவிகளை இழந்தபோது, தடைசெய்யப்பட்ட ஆக்கங்களுள் ஒன்பதாம் சிம்பனியும் இருந்தது. மறு ஆண்டு தடை நீங்கியது.

இவற்றைக் கேட்க விழையும் இளைஞர் ‘பீற்றரும் ஓநாயும்’ என்பதிலிருந்தே தொடங்கலாம். வீட்டிலுள்ள சிறுவரையும் அருகிருத்திக்கொள்ளலாம். அடுத்து மோசார்ட்டின் கொன்சேர்ட்டோவின் நடுப்பகுதி. ஒன்பதாம் சிம்பனிக்கு வரும்போது, நான்காம் பகுதி மிகச் சிறிது என்பதை நினைவிற் கொள்க. கதவைச் சாத்திவிட்டு வந்து அமர்வதற்குள் பாட்டனார் பேசி முடித்திருப்பார்.