குட்டைக் களைக்கொட்டு

தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழுவது பசுமையும் குளிர்ச்சியுமே. ஆலைப் புகையும் சுரங்க இருளும் மனிதனுடைய உடலைக் கெடுக்கும் என்பதை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். ஆனால், திறந்த வெளியில், செடிகளுக்கு நடுவே, நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு செய்யும் வேலையும் ஒருவனை நடுவயதிலேயே முடமாக்கிவிடக்கூடும் என்று சொன்னால், அதை நம்பத் தயங்குவோர் பலர். இந்தத் தயக்கத்தினாற்போலும், தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் முதலில் ஆலைகளைத் தேடிச் சென்றன. சுழலும் சக்கரத்துக்கு வேலி அடைக்கவேண்டும் என்று சட்டம் செய்தவர்கள், குனிந்து களை பறிப்பவனின் முதுகைப் பற்றி நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த முதுகு நீதிமன்றம் ஏறி வழக்குரைத்த கதை ஒன்று உண்டு. அது நடந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம்.

அம்மாநிலத்துச் சலினாஸ் பள்ளத்தாக்கு சலாதுக் கீரைக்குப் பெயர்போனது. விதைகளை நெருக்கமாக விதைத்து, முளைத்த பின்னர் வேண்டாத நாற்றுக்களை வெட்டி நீக்கி, எஞ்சியவற்றுக்கு இடைவெளி உண்டாக்குவது அங்கே வழக்கமாயிருந்தது. இவ்வேலைக்கென்று தொழிலாளரிடம் கொடுக்கப்பட்ட கருவி ஒரு களைக்கொட்டு. அதன் பிடியின் நீளமோ ஓர் அடி அல்லது அதற்குச் சற்று மேல். பெரும்பாலும் மெக்சிக்கோ நாட்டு வழிவந்த அத்தொழிலாளர் அதனை ‘எல் கொர்த்தீத்தோ’ என்று அழைத்தனர். ‘குட்டையன்’ என்பது பொருள். பிசாசின் கை என்றும் அதற்கு ஒரு பெயர் இருந்தது. பெயரிடுவதில் உழைப்பாளிகள் பெரும்பாலும் தவறுவதில்லை.

இக்கருவியைப் பிடித்தவன் நிமிர்ந்து வேலை செய்ய இயலாது. இடுப்பை இரண்டாக மடித்து, தலை நிலத்தை நோக்க, ஒரு கையால் வெட்டி மறுகையால் நாற்றை விலக்கிக்கொண்டு, பாத்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவன் நகரவேண்டும். சில நிமிடம் குனிந்தால் எவருக்கும் ஊறு இல்லை. நாள் முழுவதும், பருவம் முழுவதும், ஆண்டுக்கு ஆண்டு குனிந்தால் முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தென்ற வட்டுக்கள் நசுங்கித் தேய்கின்றன. அவ்வாறு தேய்ந்தவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. தொழிற்சங்கத் தலைவராகப் புகழ்பெற்ற சீசர் சாவேஸ், தம்மை வாழ்நாள் முழுவதும் வருத்திய முதுகுவலிக்கு இக்கருவியையே காரணமாகக் கூறினார்.

நீண்ட பிடி போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். குட்டைப் பிடியினால்தான் நாற்றைச் சேதமின்றி வெட்டமுடியும், நீண்ட பிடி வந்தால் பயிர் பாழாகும் என்று நிலவுடைமையாளர் விடையளித்தனர். ஆனால், வேறு இடங்களில் நாற்றுக் கலைக்கும் வேலை நீண்ட பிடியுள்ள கருவியால் நடந்தே வந்தது. சொல்லப்படாத காரணம் ஒன்றும் இருந்தது. எல்லாரும் குனிந்து வேலை செய்யும் வயலில், இளைப்பாற நிமிர்ந்தவனை மேற்பார்வையாளர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஆகவே அந்தக் குட்டைப் பிடி வேலைக்கருவியாக மட்டுமன்றிக் கண்காணிப்புக் கருவியாகவும் பயன்பட்டது.

ஏழைத் தொழிலாளருக்காக வாதாடும் சட்டத்தரணிகள், இக்கருவியைத் தடைசெய்யுமாறு மாநிலத்தின் கைத்தொழிற் பாதுகாப்புப் பிரிவினரிடம் விண்ணப்பித்தனர். ஆபத்தான கைக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்ற விதி ஏற்கெனவே ஏட்டில் இருந்தது. மருத்துவர்கள் சாட்சியம் கூறினர். இருந்தும் 1973ஆம் ஆண்டில் விண்ணப்பம் தள்ளப்பட்டது. கூறப்பட்ட காரணம் வியப்புக்குரியது. உடைந்தோ பழுதுபட்டோ உள்ள கருவியையே அவ்விதி குறிக்கும். இக்களைக்கொட்டிலோ பழுது எதுவும் இல்லை, ஆகையால் விதி இதற்குப் பொருந்தாது என்றனர். பழுதற்ற கருவி மனிதனைப் பழுதாக்குவது அவர்கள் கணக்கில் சேரவில்லை.

வழக்கு மாநில உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 1975ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அம்மன்றம், விதிக்குக் கொடுக்கப்பட்ட பொருள் மிகக் குறுகியது என்று தீர்ப்பளித்தது. கருவி பாதுகாப்பானதா என்பதை அதன் உறுதியைக் கொண்டு மட்டுமன்றி, அது பயன்படுத்தப்படும் முறையைக் கொண்டும் தீர்மானிக்கவேண்டும் என்பது நீதியரசர் கொள்கை. அவ்வாண்டிலேயே குட்டைக் களைக்கொட்டு தடைசெய்யப்பட்டது. 4 அடிக்குக் குறைந்த பிடியுள்ள களைக்கொட்டுக்களைக் களையெடுக்கவும் நாற்றுக் கலைக்கவும் குனிந்த நிலையில் பயன்படுத்தலாகாது என்பது இன்றைய விதி. சலினாசின் சலாதுத் தொழில் அதனால் அழிந்துபோகவில்லை.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். களைக்கொட்டு போயிற்று, சில வயல்களில் களையைக் கையாலேயே பிடுங்குமாறு தொழிலாளர் பணிக்கப்பட்டனர். கருவி இல்லை, ஆகையால் குற்றமும் இல்லை. முதுகு மாத்திரம் முன்போலவே வளைந்தது. இவ்வாசலை அடைப்பதற்கு 2004ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தக்க மாற்றுவழி இருக்கும்போது, குனிந்தோ முழந்தாளிட்டோ கையாற் களை பிடுங்கச் செய்யலாகாது என்று அப்போது விதி வந்தது. அதிலும் இயற்கை உரமிட்டுச் செய்யும் பயிர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. களைகொல்லி மருந்து தெளிக்காத கீரையை உண்பவர் உடலுக்கு நன்மை. ஆனால் அந்த மருந்தின் வேலையை யாரோ ஒருவருடைய முதுகு செய்கிறது.

இதே மாநிலம் வேறு துறைகளிலும் முன்சென்றுள்ளது. சில பூச்சிகொல்லிகள் நரம்புகளின் இயக்கத்துக்கு இன்றியமையாத நொதியம் ஒன்றைத் தாக்குவன. அவற்றை அடிக்கடி கையாளுவோரின் இரத்தத்தைச் சோதித்து, அந்நொதியத்தின் அளவு குறைந்தால் அவரை அவ்வேலையிலிருந்து விலக்கிவைக்கும் ஏற்பாடு 1974இலேயே அங்கு தொடங்கியது. நோய்க்குறி தோன்றுமுன்பே கண்டுகொள்வது அதன் சிறப்பு.

வெயிலுக்கும் விதி உண்டு. 2005ஆம் ஆண்டில் வந்த அவ்விதி வயல் தொழிலாளரை மட்டுமன்றி, வீட்டுப் பூந்தோட்டங்களையும் புற்றரைகளையும் பேணுவோரையும் காக்கிறது. ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் வீதம் குளிர்ந்த குடிநீர் வேண்டும். இளைப்பாற நிழல் வேண்டும். ஆயினும் 2008இல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இளந்தொழிலாளி ஒருத்தி வெப்பத்தினாற் சாய்ந்து உயிரிழந்தாள். குடிநீர் இருந்த இடம் எட்டத்திலிருந்தது என்றும், அங்குச் சென்றுவர இடைவேளை போதவில்லை என்றும் கூறப்பட்டது. விதி தண்ணீரைச் சொன்னது, தூரத்தைச் சொல்லவில்லை.

பின்னர் விதி இறுக்கப்பட்டது. தண்ணீர் இயன்ற அளவு அருகில் இருக்கவேண்டும். வெப்பம் 80 பாகை பரன்ஹைட்டைக் கடந்தால் நிழற்பந்தல் நின்றே ஆகவேண்டும். 95 பாகையை எட்டினால் வயல் தொழிலாளர் இரண்டு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் கட்டாயமாக ஓயவேண்டும். புதிதாய்ச் சேர்ந்தவரை முதற் பதினான்கு நாட்கள் அருகிருந்து கவனிக்கவேண்டும். வெயிலுக்கு உடல் பழகுவதற்கு அவ்வளவு காலம் செல்லும்.

அந்தக் குட்டைக் களைக்கொட்டு ஒன்று இன்று வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இரும்பும் மரமும் இன்னும் உறுதியாகவே உள்ளன.